சாலையில் தனியே இறந்தவரை வீடு சேர்ப்பவர்கள்: சங்ககிரி அமரர் ஊர்தி சேவை ஒன்றைப் பற்றி

வெளிமாநிலச் சாலைகளில் இறந்துபோகும் லாரி ஓட்டுநர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பதையே முதன்மைத் தொழிலாகச் செய்யும் அமரர் ஊர்தி சேவை ஒன்று சங்ககிரியில் இருக்கிறது. 2024 நவம்பரில் என் தாய்மாமன் மகாராஷ்டிரத்தில், தேசிய நெடுஞ்சாலை 44-இன் ஓரத்தில் நிறுத்தியிருந்த லாரிக்குள் இறந்தபோது, அவரை எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தாம். விளம்பரம் வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்து லாரிப் பட்டறைகளில் விசாரித்தால் சொல்லிவிடுவார்கள். நல்ல வண்டியும் நல்ல குளிர்பெட்டியும் ஈரோட்டிலும் சேலத்திலும்கூடக் கிடைக்கும். ஆனால் இறந்தவரின் கடைசி மணி நேரங்களைப் பற்றிய செய்தியை உடலோடு சேர்த்துக் கொண்டுவந்து வீட்டாரிடம் ஒப்படைக்கிற வழக்கத்தை நான் இவர்களிடம் மட்டுமே பார்த்தேன். இந்த மதிப்புரையை எழுதுவதற்கு முதற்காரணம் அதுவே.

அந்தச் செய்தி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை எங்கள் பக்கத்து எழவு வீட்டைப் பார்த்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். பந்தலுக்குள் வருகிற ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பங்காளிகளிடம் கையை நீட்டித் துக்கம் கேட்டுவிட்டு, நாற்காலியில் அமர்ந்த உடனே கேட்பது "எப்படிங்க ஆச்சு?" என்பதைத்தான். பெண்கள் உள்ளே சென்று கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு அதையேதான் கேட்பார்கள். வீட்டிலோ மருத்துவமனையிலோ நடந்த சாவென்றால் வீட்டாரிடம் சொல்வதற்கு ஒரு கதை இருக்கும். சாயங்காலம் காப்பி குடித்தார், எட்டு மணிக்கு நெஞ்சு வலிக்கிறது என்றார், பெருந்துறைக்குக் கொண்டுபோனோம் என்று நூறு பேரிடம் நூறு முறை சொல்லிச் சொல்லியே அவர்கள் அந்தச் சாவை ஏற்றுக்கொள்ளத் தொடங்குவார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பூட்டிய கேபினுக்குள், பக்கத்தில் எவரும் இல்லாமல் ஒருவர் இறந்துவிட்டால் அந்தக் கேள்விக்கு வீட்டாரிடம் பதில் இருக்காது. அந்த வெற்றிடத்தை ஊர்வாய் நிரப்பிவிடும். குடித்திருந்தாராம், கடன்காரர்கள் மிரட்டினார்களாம், யாரோ அடித்துப் போட்டுவிட்டார்களாம் என்று பந்தலின் கடைசி வரிசையில் தொடங்கும் பேச்சு, கருமாதிக்குள் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். எங்கள் ஊரில் முன்பு இப்படி இறந்த ஒரு ஓட்டுநரின் மனைவி, கணவர் எப்படி இறந்தார் என்பதை இன்றுவரை அறியாமல் இருப்பதை நான் அறிவேன்.

மாமா ஓட்டியது பத்துச் சக்கர லாரி. சேலம், நாமக்கல் ஆலைகளின் ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு நாக்பூருக்குப் போவதும், அங்கிருந்து கிடைக்கிற லோடை ஏற்றிக்கொண்டு திரும்புவதும் அவருக்குப் பல வருடப் பழக்கம். அந்த முறை ஆரஞ்சு லோடு. மாலையில் ஏற்றி முடித்து, எடைபோட்டு, நாக்பூரை விட்டுத் தெற்கே இறங்கியவர், ஹிங்கன்காட் தாண்டி ஒரு தாபாவின் முன்னால் வண்டியை ஒதுக்கியிருக்கிறார். கூட ஆள் இல்லை. நேஷனல் பர்மிட் லாரிகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்றிருந்த விதி 2018-இல் தளர்த்தப்பட்டது; கிளீனர் வைக்கும் வழக்கம் அதற்கு முன்பே ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. காலையில் வண்டி நகரவில்லை என்பதை ஜிபிஎஸ்-இல் பார்த்த லாரி உரிமையாளர், பலமுறை அழைத்தும் மாமா எடுக்காததால் பழக்கமான புக்கிங் ஆபீஸ்காரரிடம் சொல்ல, அவர் வழியாகத் தாபாக்காரர்கள் போய்க் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

எங்களுக்குச் செய்தி வந்து சேர்ந்த விதம் மிகவும் கொடுமையானது. வழியில் சென்ற எவரோ லாரியின் பதிவெண்ணையும் மாமாவின் முகத்தையும் படமெடுத்து, "தெரிந்தவர்கள் தகவல் தரவும்" என்று ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் போட்டுவிட்டார். அது குழுவுக்குக் குழு தாவி, லாரி உரிமையாளர் அத்தையிடம் நேரில் சொல்வதற்காக வண்டியை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்த நேரத்திலேயே, தூரத்து உறவினர் ஒருவர் அத்தைக்குப் போன் செய்து ஆழ்ந்த இரங்கல் சொல்லிவிட்டார். எதற்கு இரங்கல் சொல்கிறார் என்று தெரியாமல் அத்தை போனைப் பிடித்தபடி நின்றார். நல்லெண்ணத்தில் செய்ததுதான் என்றாலும், வீட்டாருக்குத் தெரிந்துவிட்டது என்று உறுதியாக அறிகிறவரை எவரும் எதையும் அனுப்பக் கூடாது என்பதை ஓட்டுநர் குழுக்களை நடத்துகிறவர்கள் கண்டிப்பான விதியாகவே வைக்க வேண்டும். இந்தச் சேவையினரிடம் எங்களுக்கு முதலில் நம்பிக்கை பிறந்ததும் இந்த விஷயத்தில்தான். அடையாளம் உறுதி செய்ய முகத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டபோது, படம் அனுப்பும் பழக்கம் தங்களிடம் இல்லை என்றும், கையில் பச்சை குத்தியிருந்தாலோ மச்சம் இருந்தாலோ சொல்லுங்கள், அங்கே இருக்கும் ஆளிடம் பார்க்கச் சொல்கிறோம் என்றும் உரிமையாளர் பதில் சொன்னார்.

சேவையின் உரிமையாளரும் பல ஆண்டுகள் லாரி ஓட்டியவர். முதல் அழைப்பிலேயே அவர் கேட்டவை எல்லாம் வேலை தெரிந்தவர் கேட்கும் கேள்விகள்: உடல் எந்தக் காவல் நிலைய எல்லையில் இருக்கிறது, மருத்துவமனைக்குப் போய்விட்டதா, லாரியின் சாவி யாரிடம் இருக்கிறது, லோடு அழுகக்கூடிய சரக்கா, ரத்த உறவில் யார் வருகிறீர்கள். மாமாவின் மகன் கிளம்பத் தயாராக நின்றான். பாலிடெக்னிக்கில் படிக்கும் பையன். "அந்தத் தம்பிய அனுப்பாதீங்க. பிணவறைல பாக்கறது ஆயுசுக்கும் கண்ணுக்குள்ளயே நிக்குமுங்க. பெரியவங்க யாராச்சும் வாங்க, பையன் இங்க அம்மாகூட இருக்கட்டும்" என்று அவர் தடுத்துவிட்டார். எனவே என் அண்ணன் ஆதார் நகல்களோடு அவர்கள் வண்டியிலேயே கிளம்பினார். அதே வண்டியில், லாரியைத் திருப்பி ஓட்டிவர மாற்று ஓட்டுநர் ஒருவரையும் லாரி உரிமையாளர் ஏற்றி அனுப்பினார். லோடைப் பற்றி அந்த நேரத்தில் பேசுவதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். நான் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆரஞ்சு மூன்று நாளில் வீணாகிவிடும் என்பதை மாமாவே முதலில் சொல்லியிருப்பார்.

விமானத்தில் கொண்டுவரலாமே என்று நாங்கள் கேட்டதற்கும் சேவை உரிமையாளர் பொறுமையாக விளக்கினார். விமானச் சரக்குப் பிரிவில் உடலை ஏற்க வேண்டுமானால் உடலைப் பதப்படுத்தி அதற்கான சான்றிதழ் பெற வேண்டும். சீலிடப்பட்ட சவப்பெட்டி, காவல் துறையின் தடையில்லாக் கடிதம், இறப்புக்கான சான்று, உடன் செல்பவரின் அடையாள அட்டை எல்லாம் தயாராக வேண்டும். பிரேதப் பரிசோதனை முடிந்து, நாக்பூருக்குக் கொண்டுபோய்ப் பதப்படுத்தி, விமானம் மாறிக் கோயம்புத்தூர் வந்து, அங்கிருந்து மீண்டும் சாலையில் வருவதற்குள் இவர்கள் வண்டி நேராக வந்துவிடும் என்றார். அதிகப் பணம் கிடைக்கும் வழியைக் காட்டாமல் எங்கள் நிலைமைக்குப் பொருந்துவதைச் சொன்னார் என்பதை அவர் கணக்கில் வரவு வைக்கிறேன்.

இயற்கையாகத் தோன்றினாலும் சாட்சியின்றி நடந்த சாவு என்பதால் காவல் துறை விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் கட்டாயம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவுக்கு மாறியிருக்கிறது. மொழி தெரியாத ஊரில், மராத்தியில் எழுதப்படும் தாள்களில் என்ன இருக்கிறது என்று புரியாமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தாம் அதிகம். இவர்களின் வண்டி ஓட்டுநர்கள் இருவரில் மூத்தவர் இந்தி சரளமாகப் பேசுகிறார், மராத்தியையும் சமாளிக்கிறார். பெயரும் தகப்பனார் பெயரும் ஆதாரில் இருப்பதுபோலவே எழுதப்பட்டிருக்கிறதா என்பதை ஒவ்வொரு தாளிலும் விரல் வைத்துச் சரிபார்த்தாராம். நம்முடைய தலைப்பெழுத்து அங்கே உள்ளவர்களுக்குப் பழக்கமில்லாதது. தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக நினைத்து இடம் மாற்றி எழுதிவிட்டால் பிறகு வங்கியிலும் காப்பீட்டிலும் இறந்தவர் வேறு ஆளாகிவிடுவார். இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவு செய்ய வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் விதி. எனவே அங்கே நேரும் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த இங்கிருந்து மீண்டும் மகாராஷ்டிரத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிராவலர் வண்டி, சுத்தமாக இருந்தது, குளிர்பெட்டி வழியில் ஒருமுறைகூட நிற்கவில்லை, இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டினார்கள். ஆதிலாபாத், ஹைதராபாத், கர்னூல், பெங்களூரு வழியாக ஏறக்குறைய 1,250 கிலோமீட்டர். தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது வேகத்தை நன்றாகக் குறைத்தே வந்தார்கள் என்று அண்ணன் தனியாகக் குறிப்பிட்டார். நடுவழியில் உடலை வேறு வண்டிக்கு மாற்றுவதில்லை என்று முதலிலேயே வாக்குக் கொடுத்திருந்தார்கள், அப்படியே நடந்துகொண்டார்கள். வேறு சேவைகளை அழைப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இனி, ஒப்படைத்த விதம். இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

உடலை இறக்கி வாசலில் கிடத்தி, முதல் அழுகை அடங்கும்வரை அந்த இரு ஓட்டுநர்களும் பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. பிறகு மூத்தவர் கைகால் கழுவிவிட்டு உள்ளே வந்து, அத்தைக்கும் மாமாவின் மகனுக்கும் எதிரில் தரையில் உட்கார்ந்தார். "அக்கா, நான் பாத்தது, விசாரிச்சது மட்டுந்தானுங்க சொல்லுவேன். தெரியாததத் தெரியாதுன்னு சொல்லிப்போடறனுங்க. இப்பச் சொல்லட்டுங்களா, நாளைக்கு வரட்டுங்களா?" என்று கேட்டார். அத்தை இப்போதே சொல்லச் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் அழுகையை நிறுத்திக் கேட்டார்கள்.

மாமா இரவு பத்து மணி வாக்கில் தாபாவுக்கு வந்திருக்கிறார். வழக்கமாக அங்கே நிறுத்தித் தம்முடைய ஸ்டவ்வில் சோறாக்கிக்கொள்பவர், அன்று அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. ரொட்டி தரட்டுமா என்று கேட்ட பையனிடம் வேண்டாம், மோர் மட்டும் போதும் என்று வாங்கிக் குடித்திருக்கிறார். நெஞ்சுக்குழியைத் தடவிக் காட்டி வாயுப் பிடிப்பு என்று சொன்னாராம். சோடா கேட்டு வாங்கி, நின்றபடி பாதியைக் குடித்துவிட்டு, மீதியை எடுத்துக்கொண்டு கேபினுக்குப் போயிருக்கிறார். வண்டியை ஓரத்தில் ஒழுங்காக நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, என்ஜினை அணைத்திருந்தார். இருக்கைக்குப் பின்னாலிருக்கும் பலகையில் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் படுத்த நிலையில்தான் அவரைக் கண்டிருக்கிறார்கள். காயம் எதுவும் இல்லை, பணம் அப்படியே இருந்தது, கதவு உள்ளே பூட்டியிருந்தது. வலி எவ்வளவு நேரம் இருந்தது என்று அத்தை கேட்டார். "அது எனக்குத் தெரியாதுங்க அக்கா" என்றார் அவர். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் அந்த நேரத்துக்கு இதமாக இருந்திருக்கும்; அவர் சொல்லவில்லை. அத்தை அவர் சொன்ன மற்றவை அனைத்தையும் நம்பியதற்கு அந்த ஒரு பதிலே காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தாபா உரிமையாளர் சொல்லி அனுப்பிய ஒரு செய்தியையும் அவர் கொடுத்தார். காவலர்கள் வரும்வரை கேபினுக்குள் எவரையும் ஏறவிடாமல் தாம் அங்கேயே நின்றதாகவும், பல வருடமாகத் தம் வாசலில் வண்டியை நிறுத்திய மனிதர் என்பதால் அன்று அடுப்பை அணைத்துவிட்டதாகவும், வீட்டம்மாவிடம் தம் வணக்கத்தைச் சொல்லச் சொன்னதாகவும் அந்தச் செய்தி. பந்தலில் பேசப்பட்ட எத்தனையோ ஆறுதல்களில் அத்தை இன்றும் எடுத்துச் சொல்வது, முகம் தெரியாத அந்த மனிதர் அனுப்பியதைத்தான்.

அதன்பின் மாமாவின் பொருட்கள். ஒரு துணிப்பையில் கட்டி, என்னென்ன இருக்கிறது என்று தமிழில் எழுதிய தாள் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். தூக்குப்போசி, பம்ப் ஸ்டவ், இரண்டு லுங்கி, மூக்குக் கண்ணாடி, செல்போனும் சார்ஜரும், ரூபாய் 6,340, டாஷ்போர்டில் ஒட்டியிருந்த குலதெய்வப் படம், இரத்த அழுத்த மாத்திரை அட்டை, கணக்கு நோட்டு. பணத்தில் எத்தனை ஐந்நூறு, எத்தனை நூறு என்பதுவரை எழுதி, அண்ணனும் மாற்று ஓட்டுநரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நோட்டில் டீசல், டோல், படி என்று மாமாவின் நெருக்கமான கையெழுத்தில் வரிவரியாக இருந்தது; கடைசி வரி எடைமேடைக் கூலி. அவருடைய துணிகளைத் துவைக்காமலே கொடுத்திருந்தார்கள். துவைத்துத் தரலாமா என்று முன்கூட்டியே போனில் கேட்டு, வேண்டாம் என்று அத்தை சொன்னதால் அப்படியே கட்டியிருந்தார்கள். இதையெல்லாம் யார் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள் என்று நான் வியந்துபோனேன்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அதன்பின் வீட்டாரிடம் பதில் இருந்தது. மாமாவின் மகன் அந்தச் செய்தியை, மோர் குடித்ததிலிருந்து சட்டையை மடித்து வைத்ததுவரை, வருகிறவர்களிடம் அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பந்தலில் வேறு கதை எதுவும் எழவில்லை.

இந்தச் செய்திக்குச் சட்டத்திலும் மதிப்பு உண்டு. பணியின்போது மாரடைப்பில் இறந்த ஓட்டுநருக்கு இழப்பீடு கிடைக்காது, விபத்தாக இருந்தால்தான் கிடைக்கும் என்று பந்தலிலேயே ஒருவர் அடித்துச் சொன்னார். அது சரியில்லை. டெல்லியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓட்டிச் சென்று, உடம்பு முடியாமல் சாலையோரம் வண்டியை நிறுத்தி இறந்துபோன ஓட்டுநர் ஒருவரின் வழக்கில், அந்தச் சாவு வேலையின் அழுத்தத்தோடு தொடர்புடையதே என்று 2012 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்று இழப்பீடு வழங்கியது. அந்தத் தொடர்பைக் காட்ட வேண்டிய பொறுப்பு குடும்பத்தினுடையது. எத்தனை மணிக்குக் கிளம்பினார், எவ்வளவு தூரம் ஓட்டினார், வலியைப் பற்றி யாரிடம் சொன்னார் என்பதற்குச் சான்று வேண்டும். தாபாப் பையனின் வாக்குமூலம் காவல் துறைப் பதிவில் இடம்பெறும்படி இவர்கள் கேட்டு வாங்கியதும், கணக்கு நோட்டின் பக்கங்களை அன்றே நகலெடுத்து வைத்ததும் அதற்குத்தான். அப்போது நடப்பிலிருந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி, மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். கணக்கில் கொள்ளும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு. மாமாவைப்போல் 50 வயதானவருக்குக் காரணி 153.09. பெருக்கிப் பார்த்தால் சுமார் 11.48 லட்சம் ரூபாய் வரும். ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே மாற்றும் தொகை அது. எழவு வீட்டிலேயே வெற்றுத் தாளில் அத்தையிடம் கையெழுத்துக் கேட்டு ஒருவர் வந்தார். ஒப்படைக்க வந்த அந்த ஓட்டுநர், கருமாதி முடிகிறவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் அவரைத் திருப்பி அனுப்பினோம்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பது நியாயமாகாது. ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் சைரனைப் போட்டுவிட்டார்கள். ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகப் போடுவது வழக்கம் என்று பிறகு சொன்னார்கள். அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டபோதே அத்தை மயங்கி விழுந்துவிட்டார். வீட்டாரைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டிய விஷயம் இது. துணி துவைப்பதைக்கூடக் கேட்டவர்கள் இதைக் கேட்காமல் விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. சொன்ன உடனே நிறுத்தினார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன். இரண்டாவது குறை இன்னும் பெரியது. அங்கே பதிவாகும் இறப்புச் சான்றிதழைத் தாங்களே வாங்கிக் கூரியரில் அனுப்பிவிடுவதாகப் பொறுப்பெடுத்துக்கொண்டவர்கள், அதைத் தொடர்ந்து கவனிக்கவில்லை. நாங்கள் திரும்பத் திரும்ப நினைவூட்டிய பிறகே வந்தது. வாரிசுச் சான்றும் வங்கிக் கணக்கும் அதுவரை நின்றன. உடலைக் கொண்டுவருவதில் அவ்வளவு கவனமாக இருப்பவர்கள், அதற்குப் பிந்தைய வேலைக்கென ஒரு ஆளை வைத்துக்கொள்ள வேண்டும். இயலாதென்றால் அந்தப் பொறுப்பை ஏற்கக் கூடாது. பிரேதப் பரிசோதனையின் இறுதி அறிக்கை திசுப் பரிசோதனைக்குப் பின்னரே வரும் என்பதையும் அவர்கள் இன்னும் தெளிவாக முன்னரே சொல்லியிருக்கலாம்.

கட்டணம், போக வரச் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 18 ரூபாய். மொத்தம் 45,000 ரூபாய் வந்தது. குளிர்பெட்டிக்கு வழியில் தனி வாடகை இல்லை. வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டுமானால் தனி. அமரர் ஊர்திக்குத் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் கட்டணம் கிடையாது. ஆகவே பில்லில் டோல் என்று எதையும் இவர்கள் எழுதவில்லை. வேறெங்காவது எழுதிக் கொடுத்தால் கேள்வி கேளுங்கள். பாதித் தொகையை லாரி உரிமையாளர் முன்பணமாகக் கட்டினார். மீதியை எழவு வீட்டில் வைத்துக் கேட்காமல், பால் தெளித்து முடிந்தபின் அவரிடமே வாங்கிக்கொண்டார்கள். அவர் கொடுத்ததால் எங்களுக்குச் சுமை தெரியவில்லை. ஆனால் எல்லா உரிமையாளர்களும் அவரைப்போல் இருக்க மாட்டார்கள். ஈமச் செலவுக்கு வேலை கொடுத்தவர் தர வேண்டியது குறைந்தது 5,000 ரூபாய் என்றுதான் அந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அந்த ஐயாயிரம், வண்டி மகாராஷ்டிர எல்லையைத் தொடுவதற்குக்கூடப் போதாது. ஒரே ஒரு லாரியை வைத்துத் தாமே ஓட்டுகிறவர் இறந்தால் அந்தக் குடும்பம் 45,000 ரூபாய்க்கு எங்கே போகும்? நம் பக்கத்து லாரி உரிமையாளர் சங்கங்கள் இதற்கென ஒரு நிதியை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தமிழ்நாட்டுக்குள் நடந்த சாவென்றால் இவர்களை அழைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. அரசு மருத்துவமனையிலிருந்து வீடுவரை உடலைக் கட்டணமின்றிக் கொண்டுசெல்லும் அரசின் அமரர் ஊர்தி சேவை 155377 என்ற எண்ணில் கிடைக்கிறது. கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ நடந்திருந்தால் நாங்களும் அதைத்தான் நாடியிருப்போம். ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம், மகாராஷ்டிரத்தின் கிழக்குப் பகுதி ஆகியவற்றுக்கு இவர்கள் வண்டி மிகப் பொருத்தம். குஜராத், டெல்லி, அசாம் போன்ற தொலைவுகளுக்கு விமானமே சரி என்று அவர்களே சொல்கிறார்கள். அப்போதும் கோயம்புத்தூர் விமான நிலையச் சரக்குப் பிரிவில் உடலைப் பெற்று வீடு சேர்க்க வண்டி அனுப்புகிறார்கள். அழைக்கும்போது மூன்றை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்: ஊருக்குள் சைரன் வேண்டாம் என்பது, இறப்புச் சான்றிதழை யார் வாங்குவது என்பது, உடன் வரும் ஓட்டுநர் வீட்டாரோடு உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குவாரா என்பது. மூன்றாவதை அவர்கள் கேட்காமலே செய்வார்கள்; முதல் இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.